இடையில் எழுந்த கைதட்டல்

1966ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து அரங்கு ஒன்றில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பாடிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சியின் முற்பகுதியில் அவர் ஒற்றைக் கித்தாரோடு தனியாக நின்று பாடினார். அவை அமைதியாகக் கேட்டது. பிற்பகுதியில் மின்கித்தாரும் டிரம்ஸுமாக ஒரு ராக் இசைக்குழு மேடையேறியது. அவையில் முணுமுணுப்பு, இடையிடையே கேலிக் கைதட்டல். ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடைப்பட்ட மௌனத்தில் ஒரு ரசிகர் உரத்த குரலில் "யூதாசு!" என்று கத்தினார்.

நாட்டுப்புறப் பாடகராக நாங்கள் நெஞ்சில் வைத்திருந்த உன்னை ஓசைக்காரர்களிடம் விற்றுவிட்டாயே என்பது அந்த ஒற்றைச் சொல்லின் பொருள். முப்பது வெள்ளிக்காசின் கதையை அறிந்த நமக்கு அதன் கடுமையை விளக்கத் தேவையில்லை. அப்படிக் கத்தியவர் டிலனின் பகைவர் அல்லர். அவருடைய பாடல்களை நேசித்தவர். நேசித்தவருக்கே அந்தச் சொல் வாயில் வரும். டிலன் நிறுத்தவில்லை. குழுவினர் பக்கம் திரும்பி இன்னும் உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடலைத் தொடங்கினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016இல், இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

நெடுநாள் ரசிகர்களுக்கும் அவர்கள் போற்றும் இசைஞருக்கும் இடையே எங்கும் இந்தச் சிக்கல் உண்டு. இசைஞர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரசிகரோ தாம் முதலில் மயங்கிய இடத்திலேயே அவரை என்றும் சந்திக்க விரும்புகிறார். புதிய இசைத்தொகுப்பு ஒன்று வெளிவரும்போது இருவரில் ஒருவர் மற்றவரை நோக்கி நகரவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த நகர்வு எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு இளையராஜாவையும் அவர் ரசிகர்களையும் விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. நம் ரசிகர்கள் யாரும் "யூதாசு" என்று கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவர் வரலாறு தனி மனிதரின் வரலாறாக அன்று, ஒரு குழுவின் வரலாறாகவே தொடங்குகிறது. தேனிப் பகுதியின் பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். 1958இல் கேரளத்தின் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடிய பாடல்கள் இன்றும் பேசப்படுகின்றன. அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொட்டுப் பழகிய தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகியோர் பாவலர் பிரதர்ஸ் என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்று பாடினார்கள். ராசையா பின்னர் இளையராஜா ஆனார். அமர்சிங் கங்கை அமரன் ஆனார். 1968இல் தம்பிகள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாய் சின்னத்தாய் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்றுப் பணத்தை அவர்கள் கையில் கொடுத்ததாக இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் எழுத்துமுறையைக் கற்றார். கன்னட இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976 மே மாதம் 'அன்னக்கிளி' வெளிவந்தது.

அந்தப் பாடல்கள் சின்னசேலத்தை வந்தடைந்த வழியைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். பெருநகரத்து விமர்சகர்கள் எழுதும் இசை வரலாற்றில் இத்தகைய ஊர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

சேலத்திற்கும் விருத்தாசலத்திற்கும் இடைப்பட்ட இருப்புப் பாதையில், கல்வராயன் மலைத்தொடர் வடக்கே நீலமாய்த் தெரியும் சமவெளியில் இருக்கிறது சின்னசேலம். மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. இங்கு இசை என்றால் முதலில் தெருக்கூத்து. ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு விடிய விடிய நடக்கும் வடக்கத்திப் பாணிக் கூத்தில், அவையோர் வாய்மூடி அமர்ந்திருப்பதில்லை. பிடித்த இடத்தில் குரல் கொடுப்பார்கள். எழுந்து சென்று பணம் கொடுப்பார்கள். கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்திக் கொடுத்தவர் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வான். ஆட்டத்தை இடைமறிப்பது இங்கு அவமதிப்பு அன்று, மரியாதை. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இத்தகைய செவிகளுக்கு 'அன்னக்கிளி'யில் எஸ். ஜானகி பாடிய பாடல்கள் அந்நியமாக இல்லை. மெட்டு வயற்காட்டிலிருந்து வந்தது. ஆனால் அதன் அடியில், யாரும் கேட்காமலே, வேறொன்றும் வந்து சேர்ந்தது: மின்கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ், வயலின் கூட்டம். மேல்நாட்டில் இளைஞர்கள் ராக் இசைக்குழுக்களிடம் கேட்டு மயங்கிய அதே கருவிகள், தாலாட்டுக்கும் தெம்மாங்குக்கும் கீழே பாய்விரித்தாற்போல் அமைந்திருந்தன. புருஷோத்தமனின் டிரம்ஸ், சசிதரனின் பேஸ் கித்தார், விஜி மானுவேலின் கீபோர்டு, நெப்போலியனின் புல்லாங்குழல், வி. எஸ். நரசிம்மனின் வயலின் என்று அந்தக் குழுவின் வாசிப்பைப் பெயர் சொல்லி அடையாளம் காணும் ரசிகர்கள் பின்னாளில் உருவானார்கள். இங்கிலாந்து ரசிகர் தம் இசைக்குழுவின் ஒவ்வொரு கலைஞரையும் அறிந்திருந்ததைப் போன்றதே இது.

எண்பதுகளில் பாடல் பதிவு செய்து தரும் கடைகள் சிற்றூர்தோறும் முளைத்தன. தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, 60 நிமிடம் அல்லது 90 நிமிடம் ஓடும் வெற்று ஒலிநாடாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் பதிவாகிவிடும். அந்தப் பட்டியலை எழுதுவது ஒரு கலை. ஒரு பக்கத்திற்கு எத்தனை பாட்டு அடங்கும், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் இருக்க எதை விடுவது என்றெல்லாம் தேநீர்க் கடையில் வாதம் நடக்கும். சேலம் சாலையில் ஓடிய பேருந்துகளில் நல்ல பாட்டு போடுகிற வண்டிக்காக அரைமணி நேரம் காத்திருந்தவர்களும் உண்டு. ஜூன் மாதத்தில் மேல்நாரியப்பனூர் புனித அந்தோணியார் திருத்தலத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தினிடையே விற்ற பக்திப் பாடல் ஒலிநாடாக்களிலும், மெட்டையும் இடையிசையையும் கூர்ந்து கேட்டால், அவர் சாயல் தெரியும். நம் பங்குப் பாடற்குழுக்களில் கித்தார் பிடிக்கக் கற்ற இளைஞர் பலர் முதலில் வாசித்துப் பழகியது திருப்பாடலையா திரைப்பாடலையா என்று கேட்டால், உண்மையான விடை நமக்குத் தெரிந்ததே.

ரசிகர்கள் அறியாமலே அவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொரு மெட்டு தன் வழியே நடந்து, இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறை மேற்கத்திய இசையின் பெருஞ்செல்வம். நான்கு குரலில் பாடும் ஆலயப் பாடற்குழுவில் நின்றவர்களுக்கு அது ஓரளவு பழக்கம். மற்றத் தமிழ்ச் செவிகளுக்கு ஒற்றை மெட்டே இசை. 1978இல் வெளிவந்த 'சிட்டுக்குருவி' படத்தில், பேருந்தில் நிகழும் ஒரு காதல் பாடலில், எஸ். பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் தத்தம் வரிகளை ஒருவர் மேல் ஒருவராகப் பாடுகிறார்கள். இரண்டு மெட்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இசைப் பள்ளியின் கடினமான பாடம் ஒன்று நடத்துநரின் குரலோடு பேருந்தில் ஏறி வந்துவிட்டது. யாரும் அதைப் பாடம் என்று நினைக்கவில்லை, முணுமுணுத்தார்கள்.

1986இல் வந்தது சோதனை. 'ஹவ் டு நேம் இட்' என்ற தலைப்பில், படமும் பாடலும் குரலும் இல்லாத ஓர் இசைத்தொகுப்பை இளையராஜா வெளியிட்டார். தியாகராசருக்கும் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது அது. பாக் 1723 முதல் 1750இல் இறக்கும் வரை லைப்சிக் நகரின் புனித தோமா ஆலயத்தில் பாடற்குழுவை நடத்தியவர். ஞாயிறு வழிபாட்டிற்கென்று இசை எழுதியவர். அவருடைய தனி வயலின் இசைப்பகுதி ஒன்றை எடுத்து, 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்னும் பொருள்படும் தலைப்பில், அதனோடு உரையாடும் புதிய இசையைப் பின்னியிருந்தார். நரசிம்மனின் வயலின் முன்னே நிற்கிறது. பண்ணைப்புரத்துக்காரர் வீட்டிற்கு லைப்சிக் ஆலயத்து இசையாசிரியர் விருந்தாளியாக வருகிறார் என்ற கற்பனையில் ஒரு குறும்பு இருக்கிறது; பெருமிதமும் இருக்கிறது. தம் வீட்டிற்கு அழைக்கிறாரே அன்றி, அவர் வாசலில் இவர் போய்க் காத்திருக்கவில்லை.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? நான் பார்த்தவரையில் மூன்று வகை. பெயருக்காக வாங்கி, ஒருமுறை போட்டு, பாட்டு எங்கே என்று தேடிவிட்டு அலமாரியில் வைத்தவர்கள் முதல் வகை. இவர்களே மிகுதி. புரிந்தது போல் காட்டிக்கொண்டவர்கள் இரண்டாம் வகை. இவர்களும் எக்காலத்தும் உண்டு. மூன்றாம் வகையினர் சிலரே. திரைப்பாடலின் நடுவே அரை நிமிடம் வந்து மறையும் இடையிசை எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பதை இத்தொகுப்பில் கண்டுகொண்டவர்கள். அவர்களால் பழைய பாடல்களும் புதிதாயின. ஆனால் அலமாரியில் வைத்தவர்கள்கூட அந்த ஒலிநாடாவைத் தூக்கி எறியவில்லை. அதன்மேல் வேறு பாட்டைப் பதிவு செய்யவும் இல்லை. "நம்மாளு ஏதோ பெரிசா பண்ணியிருக்காரு" என்றார்கள். மான்செஸ்டர் ரசிகருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த 'நம்மாளு' என்ற சொல்லில் இருக்கிறது. டிலன் நாட்டுப்புற இசையை விட்டு வெளியேறியதாக அங்கே எண்ணினார்கள். இங்கேயோ, நம்மில் ஒருவர் நமக்குத் திறக்காத கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறார் என்று எண்ணினார்கள். ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட ஒரு குடும்பத்திலிருந்து வந்தவர் அவர் என்பதை அறிந்தோருக்கு அந்தப் பெருமிதம் இன்னும் ஆழமானது.

1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. இது முன்னதைவிட எளிதாகச் செவியில் இறங்கியது. திருமண வீடுகளிலும் ஒலித்தது.

1993இல் நிகழ்ந்தது விந்தையானது. லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜா எழுதிய சிம்பொனி ஒன்றை வாசித்துப் பதிவு செய்தது என்ற செய்தி வந்தது. நாளேடுகள் கொண்டாடின, சுவரொட்டிகள் எழுந்தன, 'மேஸ்ட்ரோ' என்னும் இத்தாலியச் சொல் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அந்த இசைத்தொகுப்போ வெளிவரவே இல்லை. கேளாத இசைக்கு எடுத்த விழாவாக அது அமைந்தது. 'ஆசியாவிலேயே முதல் சிம்பொனி' என்று அப்போது எழுதியவர்கள் மிகைப்படுத்தினார்கள். ஜப்பானியரான கோசாகு யமாடா 1912இலேயே சிம்பொனி எழுதியிருக்கிறார். அன்பு மிகும்போது 'முதல்' என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அவருடைய பெருமைக்கு அந்தச் சொல் தேவையில்லை.

நம் வாசகர்களுக்கு நெருக்கமானது 2005ஆம் ஆண்டின் 'திருவாசகம்'. மாணிக்கவாசகரின் பாடல்களுக்குப் பெரும் மேற்கத்திய இசைக்குழுவோடு இசையமைக்கும் அத்திட்டத்தை நடத்தியது தமிழ் மையம். அதன் நிறுவனர் அருள்பணி ஜெகத் கஸ்பர் ராஜ், மணிலாவிலிருந்து சிற்றலையில் ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியில் இருந்தவர் என்ற வகையில் நம் இல்லங்களுக்கு முன்பே அறிமுகமானவர். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. இளையராஜாவே பாடினார். 'பொல்லா வினையேன்' பகுதியில் தமிழ் அடிகளோடு இழையும் ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். மத்தேயு நற்செய்தியை அடியொற்றிய 'காட்ஸ்பெல்' என்னும் இசை நாடகத்திற்கு 1971இல் இசை தந்தவரும் இவரே. திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் பெயர்த்து ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட ஜி. யு. போப் ஆங்கிலிக்கன் குரு என்பதையும் சேர்த்து நினைத்தால், சைவத் திருமுறைக்கும் கிறித்தவர்க்கும் உள்ள உறவு புதிதன்று என்பது விளங்கும். ஆயினும் சிவனடியார் பாடலுக்கு மேல்நாட்டு இசை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எனக்கு அக்கேள்விகளில் சாரம் தெரியவில்லை. தன் குறையுணர்ந்து இறைவன் முன் உருகும் உள்ளத்தின் குரலைத் தவக்காலத்தில் திருப்பாடல் 51ஐச் செபிக்கும் நாம் அடையாளம் காணாவிட்டால் வேறு யார் காண்பார்கள்?

பெயரில் சிம்பொனி என்ற சொல் இருந்தாலும், வடிவத்தில் அது ஆரட்டோரியோ. சமயப் பாடலைத் தனிக்குரலும் பாடற்குழுவும் பெரும் இசைக்குழுவும் சேர்ந்து இசைப்பது. 1742இல் டப்ளினில் முதலில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெசியா' அவ்வடிவத்தது. அதன் அல்லேலூயாப் பகுதியைக் கிறித்து பிறப்புக் காலத்தில் நம்மில் பலர் பாடியிருக்கிறோம். இங்கே ரசிகர்களுக்குப் பிடிப்பதற்கு ஒரு கயிறு இருந்தது. தமிழ் இருந்தது; பழகிய குரல் இருந்தது. 1986இல் அலமாரியில் வைத்தவர்களிலும் பலர் இதைப் பலமுறை கேட்டார்கள். இருபது ஆண்டுகளில் அவர்களும் சும்மா இருக்கவில்லை போலும்.

குரலும் சொல்லும் ஏதுமின்றி மீண்டும் அவர்கள் முன் ஓர் இசை வைக்கப்பட்டது 2025இல். மார்ச் 8ஆம் நாள் லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில், மிகேல் டாம்ஸ் நெறியாள்கையில், 'வேலியன்ட்' என்னும் பெயருடைய அவருடைய சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கலைஞர்கள் அரங்கேற்றினார்கள். நான்கு பகுதிகள் கொண்டது. இளையராஜாவுக்கு அப்போது 81 வயது. அரங்கை நிறைத்தவர்களில் பெரும்பகுதியினர் கேசட் காலத்தில் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வளர்ந்து கடல் கடந்தவர்கள்.

முதல் பகுதி முடிந்தது. அவை கைதட்டியது.

இன்றைய மேற்கத்திய அரங்க மரபில் இது தவறு. நான்கு பகுதிகளும் முடியும்வரை இருமலைக்கூட அடக்கிக்கொண்டிருப்பதே வழக்கம். ஊர் திரும்பியதும் இளையராஜாவே செய்தியாளர்களிடம் இதைக் கூறினார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நம் மக்கள் கைதட்டினார்கள், வாசித்த கலைஞர்கள் வியந்தார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை, மகிழ்ந்தே சொன்னார். ஆயினும் இதைப் படித்து, நம்மவர்க்கு அரங்க ஒழுங்கு தெரியவில்லை என்று கூசியவர்களும் உண்டு.

கூசத் தேவையில்லை. 1778 ஜூன் 18, திருவுடல் திருவிழா நாளன்று, பாரிசில் மொசார்ட்டின் புதிய சிம்பொனி அரங்கேறியது. முதல் பகுதி முடிவதற்கு முன்பே, நடுவில் ஓர் இடத்தில் அவை கைதட்டி ஆரவாரித்தது. அந்த இடம் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதியதாகவும், அதனால்தான் இறுதியில் அதை மீண்டும் கொண்டுவந்ததாகவும் மொசார்ட் தம் தந்தைக்கு ஜூலை 3ஆம் நாள் எழுதிய மடலில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். சிம்பொனி முடிந்ததும் வெளியே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும், நேர்ந்துகொண்டபடி செபமாலை சொல்லிவிட்டு வீடு திரும்பியதையும் அதிலேயே எழுதுகிறார். மடல் எழுதிய அதே நாளில் பாரிசில் அவர் தாய் இறந்தார் என்பது தனிச் சோகம். பகுதிகளுக்கிடையே பேசாதிருக்கும் வழக்கம் மொசார்ட்டுக்குப் பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் போக்கில் வேரூன்றியது. அப்போலோ அரங்கில் நம்மவர் செய்தது மொசார்ட்டின் காலத்து அவை செய்ததே. கூத்துக்களத்தில் கட்டியங்காரனை நிறுத்திப் பணம் கொடுத்தவரும் அதையே செய்தார்.

அன்று சிம்பொனிக்குப் பின் அதே இசைக்குழு இளையராஜாவின் திரைப்பாடல்கள் சிலவற்றையும் இசைத்தது. பழைய ரசிகர்களுக்கான சலுகை என்று இதைக் குறைத்து மதிப்பிடுவோர் இருக்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. நாற்பது ஆண்டுகளாக இசைஞர் தம் பக்கமிருந்து ஓரடியும் ரசிகர்கள் தம் பக்கமிருந்து ஓரடியுமாக நகர்ந்து வந்த இடம் அது.

2025 செப்டம்பர் 13ஆம் நாள் தமிழ்நாடு அரசு சென்னையில் அவருக்குப் பெருவிழா எடுத்தது. விழாக்கள் ஒருபுறம் இருக்கட்டும். லண்டனிலிருந்து திரும்பியபோது அவர் ரசிகர்களுக்கு வைத்த வேண்டுகோள் ஒன்று உண்டு: கைப்பேசியில் இறக்கிக் கேட்காதீர்கள், நேரில் கேளுங்கள் என்பது. எண்பது பேர் ஒரே நேரத்தில் காற்றை அசைக்கும் ஓசையை உள்ளங்கை அளவுப் பெட்டியில் அடக்க முடியாது என்ற வகையில் அது நியாயம். ஆனால் அவருடைய இசை சின்னசேலத்துக்கு வந்தது சிறிய பெட்டிகளில்தான். பேருந்தின் கிழிந்த ஒலிபெருக்கியிலும், இழுத்து இழுத்துத் தேய்ந்த ஒலிநாடாவிலும் கேட்டு வளர்ந்தவர்களால் லண்டனுக்கு விமானம் ஏற இயலாது. சென்னை அரங்கின் நுழைவுச்சீட்டும் அவர்களில் பலருக்கு ஒரு வாரக் கூலி. மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் வண்டியில் இன்றும் அவர் பாட்டே ஓடுகிறது. அந்தச் சிம்பொனி ஒருநாள் சேலத்திலோ திருச்சியிலோ, எல்லார்க்கும் எட்டும் கட்டணத்தில் அரங்கேறட்டும். விருத்தாசலம் பாதையில் மாலை வண்டி பிடித்து அவர்கள் வந்துவிடுவார்கள். எந்த இடத்தில் கைதட்டுவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.